வெள்ளைப் பூ இல்லாத பொட்டலம்

ஆயம்மாவின் வலது கை அந்த இரண்டு பொட்டலங்களுக்கு மேலே சற்று நேரம் நின்றது. இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது. பிள்ளைகளைக் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போன கை. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. அம்மன் காலடியில் பித்தளைத் தட்டு. தட்டில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். ஒன்றில் சிவப்பு ரோசா இதழ், மற்றதில் வெள்ளைச் செவ்வந்தி என்று கூடியிருந்த எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வந்தால் கோயிலுக்கு முன்னால் மண்டபம், வெள்ளை வந்தால் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கும் பாதையில் படி என்பது பேச்சு. ஆயம்மா கண்ணை மூடி, “ஆத்தா, நீயே சொல்லு” என்று சொல்லி, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார். அவர் எதை எடுத்தாலும் சிவப்புதான் வரும் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். பொட்டலங்களைக் கட்டியவன் நான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஸ்டோருக்கு வேலைக்குப் போனேன். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வேலை போக மிச்ச நேரமெல்லாம் கோயில்தான். மாரியம்மன் கோயில் கமிட்டிக்குப் பல வருடம் செயலாளராக இருந்தேன். வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் காப்பு அவிழ்க்கும் வரை பாயில்கூடப் படுக்க மாட்டேன், வெறும் தரைதான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படி இருந்தவன்தான் அதைச் செய்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிசன் மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறி வரும் பாதையில் இருக்கிறது. மழை விட்ட காலை நேரங்களில் கீழே நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டு மாதிரித் தெரியும். மேட்டில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள், லயத்துக்குப் பக்கத்தில் கோயில், கோயிலுக்குப் பின்னால் சரிவு, சரிவின் அடியில் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொரை காலத்தில், தண்ணீருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அங்கே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பக்கம்தான், ஆனால் பாதை செங்குத்து. செம்மண். மழை பெய்தால் சவர்க்காரம் பூசிய மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பிள்ளைக்காம்பராவில்தான் ஆயம்மா இருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் தோட்டத்தில் பாதிப் பேர் அவர் கையில் வளர்ந்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் அவர் ஆயம்மாதான். புருசன் காலமாகிப் பல வருடம். ஒரே மகள், கட்டிக்கொடுத்தும் அதே லயத்தில்தான் இருந்தாள். ஆயம்மா வேலை செய்த விதம் ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பெயர் கொடுக்க வேண்டிய நேரத்துக்குள் பெண்கள் பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி மேடேறிக் களத்துக்கு வந்து சேர வேண்டும். பிந்தினால் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய வேலை போச்சு. ஆகவே ஆயம்மா கீழே உட்கார்ந்து காத்திருக்க மாட்டார். பாதி மேடு ஏறி வந்து நிற்பார். பெண்கள் பாதி இறங்கி வருவார்கள். அந்த நடு இடத்தில் பிள்ளைகள் கை மாறும். ஒன்றை இடுப்பில் ஏற்றி, ஒன்றைக் கையில் பிடித்து இறக்கிவிட்டு, அடுத்ததுக்கு மறுபடி ஏறுவார். ஒரு காலையில் ஏழு தடவை, எட்டுத் தடவை. “நீ ஓடுடி, பேரு போயிரும், பிள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்று அவர் குரல் கோயில் வரைக்கும் கேட்கும். நான் அந்த நேரம் அம்மனுக்குத் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு பெரிய கம்பெனி தன் இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஏழை சனங்களுக்கு நல்லது செய்ய ஓர் அறக்கட்டளை வைத்திருந்தது. பவுண்டேசன் என்று தோட்டம் முழுவதும் பேச்சு. அங்கிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களப் பெண், நல்ல பிள்ளை. தமிழைப் படித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, “ஒரு டிவிசனுக்கு ஒரு வேலை. எது வேணும் என்று நாங்க சொல்ல மாட்டோம். நீங்க சொல்லணும். பொம்பளைங்களும் சொல்லணும்” என்றார்.

நான் எழுந்து கோயிலுக்கு மண்டபம் என்றேன். மிஸ் தலையை ஆட்டினார். கோயில், பன்சலை, பள்ளிவாசல், சர்ச் எதுக்கும் செய்ய முடியாது, அது எங்க ரூல் என்றார். “பொது மண்டபம்னா மிஸ்? கலியாணம், கூட்டம், சாவு வீடு, எல்லாத்துக்கும்?” என்றேன். பொதுவென்றால் பரவாயில்லை என்றார். உட்கார்ந்தேன். அதுவே பாதிப் பொய். அப்போது எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது.

அப்புறம் ஆயம்மா எழுந்தார். அவர் கூட்டங்களில் பேசுகிறவரே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “எனக்குப் படி வேணும் மிஸ். எனக்கில்ல, பிள்ளைங்களுக்கு. புடிச்சிக்க ஒரு கம்பி. அவ்வளவுதான்” என்றார்.

ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்தார். “ஏன் ஆயம்மா, ஒரு படி வெட்டவா கொழும்புல இருந்து கம்பெனி வரணும்? ரெண்டு நாள் சிரமதானம் போட்டா நாமளே வெட்டிர மாட்டோமா?”

“பத்து வருசமா அந்த ரெண்டு நாளு வரலியே தம்பி” என்றார் ஆயம்மா.

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரித்தவர்களில் பாதிப் பேர் படி பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு வாரம் லயத்துக்கு லயம் இதே பேச்சு. கடைசியில் பூசாரி ஐயா சொன்னார்: “எதுக்கு வம்பு? ஆத்தாகிட்டக் கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்.” பெண் கொடுப்பது, வீடு மாறுவது, ஊருக்குப் போவது என்று எதற்கும் பூக்கட்டிக் கேட்டுப் பழகிய சனம் நாங்கள். அதற்கு மேல் மறுபேச்சு கிடையாது. முதலில் சரி என்றவர் ஆயம்மாதான். பொட்டலத்தை எடுக்கவும் அவரையே சொன்னார்கள். பிள்ளைகளைத் தொட்ட கை, சுத்தமான கை என்றார்கள். பூக்கட்டிக் கொண்டுவருவது செயலாளர் பொறுப்பு.

மண்டபத்தின் மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்பதையும் மறைக்கக் கூடாது. அதற்கு ஏழு வருடம் முன்பு என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்து கண்டியில் ஒப்பரேசன் செய்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “தாயே, அவள முழுசாக் குடு. ஒன் தலைக்கு மேல கூரை போட்டுத் தாரேன்” என்று நேர்ந்துகொண்டேன். அவள் முழுசாகத் திரும்பி வந்தாள். கூரை போட என்னால் முடியவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் வெளியே எழுந்தருளும் அம்மன் மழையில் நனைவாள். முகத்துச் சாந்தும் குங்குமமும் கரைந்து கன்னத்தில் வழியும். மற்றவர்களுக்கு அது மழை. எனக்கு அவள் என்னைப் பார்த்து அழுகிற மாதிரி இருக்கும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த நேர்த்திக்கடன்தான் என்று பயப்படுவேன். இந்த நேரத்தில் பவுண்டேசன் வந்தது. அம்மனே அனுப்பினாள் என்று நினைத்தேன்.

அன்று காலையில் குளித்துவிட்டு டிஸ்பென்சரித் தோட்டத்துக்குப் போய் வெள்ளைச் செவ்வந்தி ஒன்றைப் பறித்தேன். பறித்தேன் என்பது சத்தியம். வாசலில் இருந்த ரோசாச் செடியில் சிவப்பும் பறித்தேன். வாழையிலையைத் தணலில் வாட்டி மடிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பொட்டலத்தில் சிவப்பு இதழைப் போட்டுக் கட்டினேன். இரண்டாவதுக்கு வெள்ளையை எடுத்த கை, அதைச் சட்டைப் பையில் போட்டது. மறுபடி ரோசா இதழை எடுத்தது. யோசித்துத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால்கூட ஒரு கணக்கில் நியாயமாக இருக்கும். எனக்கு நினைவிருப்பது, மனசு அந்த நேரம் ரொம்ப அமைதியாக இருந்தது என்பதுதான். எனக்கா கேட்கிறேன், அம்மனுக்குத்தானே என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, “பூ ரெண்டும் கெடச்சிச்சா?” என்று கேட்டாள். “கெடச்சிச்சி” என்றேன்.

ஆயம்மா எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பூசாரி ஐயா பிரித்தார். சிவப்பு. ஒரு கணம் ஆயம்மாவின் முகம் விழுந்தது. நான் பார்த்தேன். உதடு எதையோ முணுமுணுத்தது. அடுத்த கணம் அவரே முதல் ஆளாகக் குலவை போட்டார். மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். யாரோ ஒருவர் மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கக் கை நீட்டினார். “பிரிக்கக் கூடாது. ஆத்தா வாக்கச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்” என்றேன். அப்படி ஒரு முறை எங்கேயும் இல்லை. அந்த நிமிடம் நான் உண்டாக்கியது. ஆனால் என் வாயிலிருந்து வந்ததால் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பொட்டலத்தையும் சட்டைப் பையில் கசங்கிப்போயிருந்த வெள்ளைப் பூவையும் ஸ்டோருக்குப் போகும் வழியில் வடிகால் கானில் எறிந்தேன். நல்ல மழை. தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

பவுண்டேசன் படிவத்தில் பெண்களின் கையெழுத்து அதிகமாக வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதை வாங்கிக் கொடுத்ததும் ஆயம்மாதான். வேலை விட்டு வந்து, காலைக்கூடக் கழுவாமல், லயம் லயமாகப் போய், “ஆத்தாவே கேட்டுட்டாடி, நமக்கு என்னடி? போடுங்கடி கையெழுத்த” என்று ஒவ்வொருத்தியிடமும் நின்று வாங்கினார். நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

மண்டபம் எழும்பியது. நல்ல மண்டபம், குறை சொல்ல முடியாது. திறப்பு விழாவுக்கு மாலை, மேளம், பொங்கல். அந்த வருடத் திருவிழாவில் அம்மன் நனையவில்லை. கூரைக்கு மேல் மழை கொட்டுவதைக் கேட்டுக்கொண்டு நான் கீழே நின்று கும்பிட்டேன். கடன் தீர்ந்தது என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த ஆடி மழையில் ஆயம்மா விழுந்தார். அன்று காலையும் நான் கோயிலில்தான் இருந்தேன். பெண்கள் கத்தியது கேட்டு ஓடினேன். பாதிச் சரிவில், பிள்ளைகள் கை மாறுகிற அதே இடத்திலிருந்து வழுக்கி, கீழே கான் வரைக்கும் போயிருந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. எட்டு மாசம். விழும்போது குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டார். அதனால் தரையில் ஊன்ற அவருக்குக் கை இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோதும் சேற்றில் மல்லாந்தபடி பிள்ளையை மேலேயே பிடித்திருந்தார். அது சிரித்துக்கொண்டு அவருடைய மணிக்கட்டுக் கறுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “பிள்ளைய வாங்குங்க தம்பி, கை வலிக்குது” என்றார் என்னிடம். வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஆயம்மாவுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. படங்குச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, அந்த வழுக்கல் மேட்டில் நாலு ஆண்கள் ஏறுவதற்குள் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை.

இரண்டு மாசம் கழித்துத் தடியோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆள் போட்டார்கள். நான் ஆரஞ்சுப் பழமும் கோயில் திருநீறும் கொண்டு பார்க்கப் போனேன். இஸ்தோப்புத் திண்ணையில் பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, குரலை இறக்கி, “தம்பி, இத யார்கிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டத்தான் சொல்லணும்னு இருந்தேன்” என்றார். “அன்னைக்குச் செவப்பு வந்திச்சே, அப்ப நான் மனசுக்குள்ள ஆத்தாவ ஏசிட்டேன் தம்பி. ஒனக்குக் கூரை முக்கியமா, இந்தப் பச்ச மண்ணுங்க விழுந்தா ஒனக்கு ஒண்ணுமில்லியான்னு கேட்டுட்டேன். அதான் என்னையப் போட்டுச் சாச்சிட்டா. பிள்ளைய மட்டும் உட்டுட்டா. அவ நியாயக்காரிதான்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது என்றெல்லாம் சொன்னால் அதுவும் பொய். வரவே இல்லை. நான் சொன்னது இதுதான்: “ஆத்தா மன்னிச்சிருவா ஆயம்மா.” சொல்லிவிட்டு அவர் நெற்றியில் இன்னொரு தடவை திருநீறு பூசினேன். பொட்டலம் கட்டியதைவிட இந்த வார்த்தையைத்தான் நான் பெரிய பாவமாக நினைக்கிறேன். முன்னது அம்மனை ஏமாற்றியது. அவள் பெரியவள், தாங்குவாள். இது எலும்பு முறிந்து கிடந்த ஒரு மனுசியிடம் செய்தது. நேர்த்திக்கடனை என் உழைப்பில் செலுத்தவில்லை, அடுத்தவள் இடுப்பெலும்பில் செலுத்தினேன் என்று அன்றிலிருந்து மனசு சொல்ல ஆரம்பித்தது. மண்டபத்துக்குள் கால் வைத்தால் தரை சில்லிட்டது. ஆனாலும் காலையில் எழுந்தேன், குளித்தேன், விளக்கேற்றினேன். மனிதன் எதையும் பழகிக்கொள்கிறான். நாலு வருடம் பழகினேன்.

போன வருடம் பவுண்டேசன் மறுபடி வந்தது. அதே மிஸ்தான். கலியாணமாகி, தமிழும் நன்றாகப் பழகியிருந்தார். மண்டபத்திலேயே கூட்டம். முதல் கேள்வியே, “போன தடவை ஒரு ஆயம்மா படி கேட்டாங்க இல்ல? இப்ப அதைச் செய்யலாமா?” என்பதுதான்.

பிறகு ஒரு பெண், “அது வேணாம் மிஸ். அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

“எந்த அம்மா? ஆயம்மாவா?”

“இல்ல மிஸ், உள்ள இருக்காங்களே, அவங்க.”

மிஸ் கருவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆயம்மா விழுந்ததே, அம்மன் வேண்டாம் என்ற காரியத்தைக் கேட்டதனால்தான் என்று அவர்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா கோவம்தான் என்று ஆயம்மாவே பிறகு அவர்களிடம் சொல்லியிருக்கிறார். மறுபடி கேட்டால் அடுத்து ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். தினம் இரண்டு தடவை அதே செம்மண் சரிவில் பிள்ளையைச் சுமந்து ஏறி இறங்குகிற பெண்கள், படி வேண்டாம், நூறு பிளாஸ்டிக் கதிரையும் பெரிய அண்டாவும் போதும் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், யோசித்துப் படிவத்தை எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டு மிஸ் போனார். எழுத வேண்டியவன் நான். நான் கட்டிய பொட்டலம் இன்னும் பிரிந்து முடியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை வேலை விட்டு நேராக ஆயம்மா வீட்டுக்குப் போனேன். மகள் பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு விறகுக்குப் போனாள். ஆயம்மா மடியில் சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். வெள்ளைப் பூவைச் சட்டைப் பையில் போட்டதையும் சொன்னேன்.

அவர் கை நின்றது. “ரெண்டும் செவப்பா?” என்றார்.

“ரெண்டும் செவப்பு ஆயம்மா.”

“நான் சோத்துக்கைப் பக்கம் எடுத்திருந்தாலும்?”

“செவப்புதான்.”

சுளகில் குனிந்து இன்னும் ஒரு கல்லைப் பொறுக்கினார். ஏசுவார், தடியை எடுத்து அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் நிமிர்ந்து கேட்டது வேறு. “அப்ப ஆத்தா என் மேல கோவமா இல்லியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கோயில் இருக்கும் திசையில் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. சுளகு சரிந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது. நான் குனிந்து அள்ளப் போனேன். “வேணாம், விடுங்க” என்றார். அப்புறம்தான் அவருக்கு என் ஞாபகமே வந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

“நாலு வருசமா செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழம நான் பச்சத்தண்ணி குடிக்கல தம்பி. மன்னிச்சிரு மன்னிச்சிருன்னு அவ கால்ல விழுந்தேன். அவ என்னா நெனச்சிருப்பா? இந்தப் பைத்தியக்காரி எதுக்கு அழுவுறான்னு நெனச்சிருப்பா.”

“தப்புத்தான் ஆயம்மா.”

“என்கிட்ட எறக்கி வச்சிட்டுப் போயிரலாம்னு வந்தீங்களாக்கும்? நான் எங்க வச்சிக்கிறது இத? போயி அந்தப் பொம்பளைங்ககிட்டச் சொல்லுங்க. கதிரை எழுதப் போறாளுகளாம். கதிரையில ஒக்காந்துக்கிட்டா சறுக்குவாளுக?”

“கோயில் ரெண்டாப் போயிரும் ஆயம்மா. சனத்துக்கு ஆத்தா மேலயே நம்பிக்கை போயிரும்” என்றேன். நாலு வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த காரணம் அது.

“ஆத்தா மேல போவாது” என்றார் ஆயம்மா. “ஒங்க மேலதான் போவும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஸ் வருவதற்கு முன்பே எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். மேல்சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மனுக்கு முன்னால் நின்று சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இவ்வளவு சின்னக் காரியமா என்று எனக்கே இருந்தது. பூசாரி ஐயா, “அடப்பாவி, என் கையாலயே பிரிக்க வச்சியேடா” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மனைவி பெண்கள் வரிசையில் இருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும். ஆண்கள் பக்கத்திலிருந்து, “அப்ப என்னா, மண்டபத்தப் பேத்து படியாக் கட்டுவோமா?” என்று ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். சிலர் எழுந்து வெளியே போனார்கள். செயலாளர் சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து அம்மன் படியில் வைத்தேன்.

அப்போது ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தாள். ஆயம்மா அன்றைக்குத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த குழந்தையின் தாய். “அப்ப ஆத்தாகிட்ட நாம இன்னும் கேக்கவே இல்லியா?” என்றாள். கேள்வி என்னிடமில்லை, மற்றப் பெண்களிடம்.

“கேக்கலதானே” என்றாள் இன்னொருத்தி.

“மறுபடி பூக்கட்டணுமா?” என்று பூசாரி ஐயா மெதுவாகக் கேட்டார்.

“எதுக்குச் சாமி? அவ என்னா பிள்ளைங்க விழட்டும்னா சொல்லப் போறா?” என்றாள் அவள். படிவமும் பேனாவும் என் கையில் இருந்தன. படி என்று எழுத நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் குனிந்து என் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். “நீங்க எழுத வேணாம்ணே. நாங்களே எழுதிக்கிறோம்.”

படி கட்டியாயிற்று. கல் பதித்துச் சீமெந்து பூசி, ஒரு பக்கம் இரும்புக் கம்பி. திறந்த அன்று ஆயம்மாவைக் கதிரையோடு தூக்கி வந்து மேட்டில் வைத்தார்கள். ரிப்பன் வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். முதலில் நீங்கள் இறங்க வேண்டும் என்று மிஸ் கையைப் பிடித்தார். எழுந்து ஓர் அடி வைத்துப் பார்த்து, இடுப்பு இடம் கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு எதுக்கு மிஸ்? யாராச்சும் பிள்ளையோட எறங்கிக் காட்டுங்கடி, நான் பாக்கிறேன்” என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக் கம்பியைப் பிடித்து இறங்கினார்கள். ஒவ்வொருத்தி இறங்கும்போதும் ஆயம்மா மேலேயிருந்து சத்தம் போட்டுக் கேட்டார்: “வழுக்குதாடி?”

“வழுக்கல ஆயம்மா.”

அடுத்தவளிடமும் அதே கேள்வி, அதே பதில். எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரிடமும் கேட்டார்.

இந்த மாசியில் ஆயம்மா காலமாகிவிட்டார். கமிட்டியில் இப்போது வேறு செயலாளர். நான் கோயிலுக்குப் போகிறேன், கும்பிடுகிறேன், திருநீறு வாங்கிக்கொண்டு வருகிறேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. பெண்கள் யாரும் என்னிடம் எதையும் எழுதச் சொல்லிக் கேட்பதில்லை, அவ்வளவுதான். சொன்னதோடு பாவம் தீர்ந்தது என்று பூசாரி ஐயா சொல்கிறார். அவர் நல்ல மனிதர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைந்த எலும்பு நான் சொன்னதும் கூடிவிடவில்லை. நாலு வருடத்துச் செவ்வாய்க்கிழமைகளை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தத் திறப்பு நாளில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு மேட்டில் நானும் அவரும் மட்டும்தான் மிச்சம். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, படியைக் கையால் காட்டினார். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். நாலைந்து படி இறங்கியிருப்பேன்.

“வழுக்குதா தம்பி?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மற்றவர்களிடம் கேட்ட அதே குரல்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்ல வாய் எழாமல், கம்பியைப் பிடித்தபடி அதே படியில் நின்றுகொண்டிருந்தேன்.